பாரிசுக்குப் போன மனுசன்

அக்காவோடு வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வாரமும் நான் அவருடைய புருஷனை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

"அந்த மனுசன் பாரிசுக்குப் போயிருக்கக் கூடாது பிள்ளை," என்பார் அக்கா, படுக்கை விரிப்பின் ஒரு மூலையைப் பிடித்தபடி. மற்ற மூலை என் கையில் இருக்கும். "ஆரும் சொல்லிக் கேக்கிற ஆளில்லை. தானே நேரை போய்க் கதைச்சாத்தான் சரிவரும் எண்டு ஒற்றைக்காலிலை நிண்டது. போய் என்ன கண்டது? அறைக்குள்ளை வைச்சு மூண்டு பேருமாச் சேர்ந்து உரிச்சுப்போட்டாங்கள்."

எங்கள் ஆட்களில் யாராவது ஒருவர் பாரிசுக்குப் போகாத குடும்பம் இல்லை. போன இடத்தில் ஏமாந்தவர்களும் உண்டு. அக்காவின் கழுத்தில் தாலியும் இல்லை. நான் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

இன்னொரு நாள் சொன்னார்: "பேந்து வருத்தம் வந்து ஒரு பக்கம் இழுத்துப்போட்டுது. மனுசி வாசலிலை நிண்டு காவல். ஒருத்தரையும் கிட்டப் போக விடேல்லை."

மனுசி என்றால் பெண்சாதி. அப்படியென்றால் அங்கே இன்னொருத்தியை வைத்திருக்கிறாரா? அன்று சாப்பாட்டு நேரத்தில் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"இப்ப அவர் எங்கை இருக்கிறார் அக்கா?"

"ஆர்?"

"உங்கடை அவர்."

அக்கா கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு. "பிள்ளை, நான் கலியாணமே கட்டேல்லை. அவர் அமெரிக்க ஜனாதிபதி. செத்து நூறு வருசமாகப் போகுது."

அப்படித்தான் அந்த மனுசனும் அவருடைய பதினான்கு அம்சங்களும் எனக்கு அறிமுகமாயின. அக்கா யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தவர். மொன்றியலில் அந்தச் சரித்திரத்தை யாரும் கேட்கவில்லை. வடக்குப் பக்கத்தில் ஹோட்டல்களின் துணிகளை வெளுக்கிற ஒரு தொழிற்சாலையில் அவரும் மன்னாரிலிருந்து வந்த நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். விரிப்புகள் பாதி ஈரத்தோடு வண்டியில் வரும். இரண்டு பேர் இரண்டு மூலையையும் பிடித்து, சூடான பெரிய உருளைகளுக்குள் நேராகக் கொடுக்க வேண்டும். ஒருவர் கை பிந்தினால் விரிப்பு கோணலாகப் போய்ச் சிக்கும். மணி அடிக்கும். சூப்பவைசர் ஓடி வருவார். அதனால் பக்கத்தில் நிற்பவரின் மூச்சுக்கூட நமக்குப் பழகிவிடும். அக்கா இறந்து இரண்டு வருடமாகிறது. இப்போதும் வீட்டில் விரிப்பு மடிக்கும்போது என் இடது பக்கம் காலியாக இருக்கிறது.

அந்தத் திட்டத்தை அவர் துண்டு துண்டாகச் சொல்வார். முதலாம் உலகப் போர் முடியாமல் நடந்துகொண்டிருக்கும்போதே அந்த ஜனாதிபதி எழுந்து நின்று, இனி உலகத்தில் போரே வராமல் இருக்க இதுதான் வழி என்று பதினான்கு அம்சங்களை வாசித்தாராம். நாடுகள் ஒன்றுக்கொன்று இரகசிய உடன்படிக்கை செய்யக் கூடாது. கடல் எல்லாருக்கும் பொது. ஆயுதங்களைக் குறைக்க வேண்டும். எந்த மக்கள் யாருடைய ஆட்சியில் இருப்பது என்பதில் அந்த மக்களுடைய சொல்லும் எடுபட வேண்டும். கடைசியாக, எல்லா நாடுகளும் கூடியிருந்து வழக்குத் தீர்க்க ஒரு சபை. "முதலாவதும் கடைசியும்தான் பிள்ளை முக்கியம்," என்பார். "ஒளிச்சுக் கதைக்கிறேல்லை. எல்லாரும் ஒரு மேசையிலை இருக்கிறது. நடுவிலை உள்ள பன்னிரண்டும் அதுக்குள்ளை அடங்கும்." போர் முடிந்ததும் சமாதானம் பேச அவர் தானே பாரிசுக்குப் போய், வென்ற மற்ற நாடுகளின் தலைவர்கள் மூன்று பேரிடமும் அந்த அம்சங்களை ஒவ்வொன்றாக இழந்தாராம்.

இதைச் சொல்லும்போது அக்கா ஒரு இடத்தில் நிற்க மாட்டார். சாப்பாட்டு அறையில் நாங்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையில் நடந்து நடந்து சாப்பிடுவார். யாராவது எங்கேயாவது குரலை உயர்த்தினால் போதும், அவருடைய தலை திரும்பும். வேறு ஆட்களின் சண்டையை விட்டுவிட்டுப் போக அவரால் ஏலாது. அதுதான் அவருடைய குணம். பஸ்ஸில் இருக்கைக்காக இரண்டு பேர் வாக்குவாதப்பட்டதைத் தீர்க்கப் போய், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி வந்திருக்கிறார். அடுக்குமாடிக் கட்டடத்தில் குப்பைப் பைகளுக்காக நடந்த சண்டைக்கு எட்டு அம்சத்தில் ஒரு தாள் எழுதி வாசல் கதவில் ஒட்டியிருந்தார். சிலருக்கு அவரைப் பிடிக்கும். சிலர் அவரைக் கண்டால் மற்றப் பக்கத்து நடைபாதைக்கு மாறுவார்கள். முதுகுக்குப் பின்னால் "பதினாலு" என்றுதான் எங்கள் ஆட்களிடையே பெயர். அது அவருக்கும் தெரியும்.

தொழிற்சாலையில் ஜன்னல் சண்டை வந்தது ஒரு பங்குனி மாதம். உருளைகளுக்குப் பக்கத்தில் நிற்பவர்களுக்கு வியர்த்து ஊற்றும். அவர்களுக்கு ஜன்னல் திறக்க வேண்டும். அந்த ஜன்னலுக்கு நேரே நின்று துவாய் மடிப்பவர்களுக்குக் குளிர்காற்று முதுகில் அறையும். அவர்களுக்குப் பூட்ட வேண்டும். உருளைப் பக்கம் ஹெயிட்டியிலிருந்து வந்த மரி, துவாய்ப் பக்கம் ஒரு பஞ்சாபிப் பெண். இரண்டு பேரும் நல்லவர்கள். ஆனால் ஒரு வாரத்துக்குள் ஒருவரோடு ஒருவர் கதைக்காமல், ஒருவர் திறப்பதும் மற்றவர் அறைந்து பூட்டுவதுமாக ஆகிவிட்டது.

அக்கா ஒரு துணிப் பட்டியல் தாளின் பின்பக்கத்தில் பிரெஞ்சில் அம்சங்களை எழுதினார். அவருடைய பிரெஞ்சு கொஞ்சம். என்னுடையது அதைவிடக் கொஞ்சம். ஜன்னல் பாதி திறந்திருக்கும். மணிக்கு ஒரு தடவை இரண்டு பக்கமும் இடம் மாற வேண்டும். சூப்பவைசரிடம் தனியாகப் போய் யாரும் முறையிடக் கூடாது. இரண்டு பேரையும் கூட்டி வைத்து, எழுத்துக்கூட்டி வாசித்து, கையெழுத்தும் வாங்கினார். அது நடந்தது என்பதுதான் அதிசயம். மூன்று மாதம் ஒரு சத்தமில்லை.

அந்தச் சந்தோஷத்தில் மரியிடம் தன் ஜனாதிபதியைப் பற்றிச் சொல்லப் போனார் அக்கா. பெயரைக் கேட்டதும் மரி முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார்.

"அந்த ஆளா? எங்கள் நாட்டுக்குப் பட்டாளம் அனுப்பியவர் அவர்தான். வந்தவர்கள் பல வருடம் போகவில்லை. என் அம்மாவின் தாத்தாவைத் தெருப் போட வா என்று கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள்."

அந்த வாரம் முழுக்க அவர் என்னோடு ஒழுங்காகக் கதைக்கவில்லை. விரிப்பு இரண்டு தடவை சிக்கியது. சனிக்கிழமை நூலகத்துக்குப் போனவர், திங்கட்கிழமை வந்ததும் நேரே மரியிடம் போய், நீ சொன்னது சரி என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

"நீ ஏன் மன்னிப்புக் கேட்கிறாய்? நீயா அனுப்பினாய்?" என்றார் மரி.

அக்கா திரும்பி வந்து விரிப்பின் மூலையைப் பிடித்துக்கொண்டார். நான்தான் சொன்னேன்: "அப்ப விடுங்கோ அக்கா அந்த ஆளை."

"அவர் அந்தப் பதினாலையும் வாசிக்கேக்கை அவரின்ரை பட்டாளம் அங்கை நிண்டிருக்கு பிள்ளை. அது தெரிஞ்சுகொண்டுதான் வாசிச்சிருக்கிறார்." பிறகு, "எழுதின ஆள் பிழை எண்டால் எழுதினதைக் கிழிக்கிறதோ? சொல்லும்," என்றார். கோபமாகச் சொன்னார். யாரில் கோபம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அக்காவுக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி. அண்ணன் லவாலில் சொந்த வீட்டில் மனைவி பிள்ளைகளோடு இருந்தார். தம்பி பார்க் எக்ஸ்டென்ஷனில், அக்கா இருந்த கட்டடத்தின் மேல்மாடியில். இடையில் ஒரு ஆறும் இரண்டு மெற்றோ ரயில் பாதைகளும். சகோதரர் இரண்டு பேரும் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஊரில் போர் நடந்த காலத்தில் அண்ணன் ஒரு இயக்கத்தில் இருந்தார், தம்பி வேறொன்றில். இரண்டு இயக்கங்களும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டபோது, தம்பியின் இயக்கம் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போய் ஆறு மாதம் அடைத்து வைத்தது. வலது கை முறிந்த நிலையில்தான் அவர் வெளியே வந்தார். அந்த ஆறு மாதத்துக்குள் அவர்களுடைய தாய் இறந்துபோனார்.

"தான் இருந்த இடம் தம்பிக்குத் தெரிஞ்சிருந்தது எண்டு அண்ணை நினைக்கிறார்," என்றார் அக்கா ஒரு நாள். அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் தம்பியும் ஊரில் காணாமற்போனவன். இப்படிப்பட்ட கதைகளில் எவ்வளவு தூரம் போகலாம் என்று எனக்கு ஒரு எல்லை இருந்தது.

ஒவ்வொரு இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையும் அக்கா லவாலுக்குப் போவார். பார்க் நிலையத்தில் ஏறி, ஜான்-டலோனில் மாறி, ஆற்றுக்குக் கீழால் போய் இறங்குவார். அண்ணனுக்கு அவரில் உயிர். ஒரே ஒரு நிபந்தனை, தம்பியின் பெயரை அந்த வீட்டில் எடுக்கக் கூடாது. அக்கா எடுக்கவில்லை. உலகத்துச் சண்டையெல்லாம் தீர்க்கப் போகிறவர், தன் வீட்டுச் சண்டையில் மட்டும் வாயே திறக்காமல் இருபது வருடம் பஸ்ஸிலும் மெற்றோவிலும் போய்வந்துகொண்டிருந்தார். அது எனக்கு ஒரு புதிராகவே இருந்தது.

பிறகு அண்ணனுக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை செய்ய நாள் குறித்தார்கள். போவதற்கு முதல் அவர் பிள்ளைகளுக்கு ஒரு தாள் எழுதி வைத்தார். எனக்கு ஏதும் நடந்தால் என் தம்பியைச் செத்த வீட்டுக்குள் விடக் கூடாது என்று அதில் ஒரு வரி. அண்ணி அதை அக்காவுக்குக் காட்டினார்.

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. தாள் மட்டும் அலமாரியில் இருந்தது. அக்காவால் அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை. இடைவேளைகளில் தொழிற்சாலையைச் சுற்றி நடந்தார். ஒரு நாள் என்னிடம், "செத்த வீட்டு வாசலிலை தம்பி வெளியிலை நிக்கிறான் எண்டு கனவு காணுறன் பிள்ளை. பனி கொட்டுது. உள்ளை நான்தான் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்," என்றார்.

பதினான்கு அம்சங்களை எழுத அவருக்கு ஒரு மாதம் பிடித்தது. வட்ட வட்டமான ரீச்சர் எழுத்தில், கோடு போட்ட தாளில், இரண்டு பிரதி. எனக்கு வாசித்துக் காட்டினார். முதலாவது: எதையும் மறைத்துப் பேசுவதில்லை, பேசுவதெல்லாம் மூவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகள் இரண்டு வீட்டுக்கும் தடையின்றிப் போய்வரலாம். சாப்பாட்டு மேசையில் இயக்கங்களின் பெயர் எடுக்கக் கூடாது. ஒருவர் ஆஸ்பத்திரியில் இருந்தால் மற்றவருக்கு அன்றைக்கே சொல்ல வேண்டும். அலமாரியில் உள்ள தாளைக் கிழிக்க வேண்டும். இப்படிப் போய், கடைசியாகப் பதினாலாவது: அந்த ஆறு மாதத்தில் என்ன நடந்தது, யாருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதை அண்ணனின் முன்னால் வாயால் சொல்ல வேண்டும்.

அண்ணன் தாளை வாங்கி வாசித்துவிட்டு, கடைசி அம்சம் நடந்தால் மற்றப் பதின்மூன்றும் தனக்குச் சம்மதம் என்றார். தம்பி பதின்மூன்றுக்கும் உடனே சம்மதித்தார். கடைசியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். அக்காவின் வீட்டுச் சமையலறையில் நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் வந்து சொன்னார். மெலிந்த, சத்தம் போடாத மனிதர்.

"அதை வெட்டிவிடுங்கோ அக்கா. நான் கால்லை விழச் சொன்னாலும் விழுறன். அது மட்டும் வேண்டாம்."

"அது இல்லாட்டி மற்றது ஒண்டும் நிக்காது."

"உங்களுக்காகத்தான் சொல்லுறன்," என்றார் தம்பி.

அக்கா சட்டென்று என்னைப் பார்த்தார். தம்பியும் நான் இருப்பதை நினைத்து நிறுத்திக்கொண்டார். அவர் போன பிறகு அக்கா தாளை மேசையில் விரித்து வைத்து, பேனையை எடுத்தார், வைத்தார், எடுத்தார். "பாரிசிலை அந்த மனுசன் ஒண்டொண்டா விட்டுக் குடுத்தது," என்றார். "கடைசி ஒண்டு மிஞ்சினாக் காணும் எண்டு நினைச்சுத்தான் குடுத்தது. எனக்கு இப்ப அந்த ஆளிலை கோபம் வரேல்லை பிள்ளை. எவ்வளவு ஆசையா இருக்குத் தெரியுமோ, இதை வெட்ட."

வெட்டவில்லை.

இரண்டு வீடும் வேண்டாம் என்று, ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கோப்பிக் கடையை அக்கா தேர்ந்தெடுத்தார். "சாட்சிக்கு ஒரு வெளியாள் வேணும். நீர் வாரும்," என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தை மாதத்து ஞாயிறு, நல்ல வெயில், தெருவெல்லாம் பனிக்கட்டி. சந்தையில் தக்காளிப் பெட்டிகளை இறக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணன் முதலில் வந்தார். உயரமான மனிதர். வலது கையை மேசையில் வைக்கும்போது இடது கையால் தூக்கி வைத்தார். தம்பி உள்ளே வந்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "இரு," என்றார் அண்ணன், பார்க்காமலே.

அக்கா நின்றபடி வாசித்தார். பதின்மூன்று வரை வாசிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒவ்வொன்றுக்கும் இருவரும் "ஓம்" என்றார்கள். பதினாலாவதை வாசித்துவிட்டு அக்கா தாளைக் கீழே வைத்தார்.

அண்ணன் முதல் தடவையாகத் தம்பியைப் பார்த்தார். "சொல்லு."

தம்பி தொப்பியைச் சுற்றிச் சுற்றிப் பிடித்தார். கடையில் யாரோ ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது.

"அவன் சொல்ல மாட்டான் அண்ணை," என்றார் அக்கா. "நான் சொல்லுறன். நீங்கள் இருந்த இடம் அவனுக்குத் தெரியும். உங்களைப் பிடிச்சு ரெண்டாம் கிழமை, பின்னேரம் குசினிப் பக்கத்தாலை வந்தவன். அண்ணை உயிரோடை இருக்கிறார், இன்ன இடத்திலை வைச்சிருக்கிறாங்கள் எண்டு சொன்னவன். வெளியிலை தெரிஞ்சால் தன்னையும் சுடுவாங்கள், உங்களையும் சுடுவாங்கள் எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவன்."

"உன்னட்டையோ?" என்றார் அண்ணன்.

"ஓம். எனக்கும் தெரியும். முழுக்கத் தெரியும்."

அண்ணனின் இடது கை வலது கையின் மணிக்கட்டைப் பிடித்தது.

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"நாலு மாசம் அவ கட்டிலிலை கிடந்தவ."

"ஓம்."

"பக்கத்திலை நீ இருந்தனீ."

"சொன்னால் அம்மா எழும்பி அந்த வாசலுக்குப் போயிருப்பா அண்ணை. குழறியிருப்பா. ஆர் சொன்னது எண்டு கேட்டிருப்பாங்கள்." அக்கா கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "பயத்திலை சொல்லேல்லை. பேந்து ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லுவம் எண்டு நினைச்சனான்."

அண்ணன் எழுந்தார். கோட்டின் பொத்தான்களை ஒரு கையால் மெதுவாகப் பூட்டினார். பிறகு தம்பியிடம், "காரடி மட்டும் வா. வழுக்குது," என்றார்.

தம்பி அக்காவைப் பார்த்தார். அக்கா தலையசைத்தார், போ என்று. கண்ணாடி வழியாகப் பார்த்தோம். தம்பி அண்ணனின் முறிந்த கைப்பக்கம் போய் முழங்கைக்குக் கீழே பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் பனிக்கட்டியில் அடி மேல் அடி வைத்துப் போனார்கள். பாதி வழியில் தம்பி ஏதோ சொன்னார். அண்ணன் நின்று கேட்டார்.

அக்கா மேசையில் கிடந்த தாள்களைப் பார்த்தார். "கையெழுத்து வைக்க மறந்திட்டினம்," என்றார்.

அதற்குப் பிறகு அந்த இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து வந்துவிட்டது. பிள்ளைகள் போய்வந்தார்கள். அலமாரித் தாள் கிழிபட்டது என்று தம்பி வந்து சொன்னார். ஆனால் லவால் வீட்டுக் கதவு அக்காவுக்குத் திறக்கவில்லை. அண்ணன் தம்பியிடம் சொன்னாராம்: "நீ சுடுறவங்களின்ரை துவக்குக்குள்ளை நிண்டனீ, உனக்குப் பயம், அது எனக்கு விளங்குது. அவ அம்மாவின்ரை கட்டிலிலை இருந்தவ."

நானும் அக்காவோடு அப்போது முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். விரிப்பின் மூலையைப் பிடிப்பேன், கொடுப்பேன், அடுத்ததை எடுப்பேன். என் தம்பி காணாமற்போன பிறகு என் அம்மா ஒவ்வொரு வாசலாக, முகாம் முகாமாக அலைந்தார். அந்த வாசல்களில் ஏதாவது ஒன்றுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு பெண், எல்லாம் தெரிந்துகொண்டு, எங்கள் அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பியிருப்பாளோ? இரவும் பகலும் இதே நினைப்பு. மூன்றாவது வாரம் மணி அடித்து உருளை நின்றிருந்தபோது கேட்டுவிட்டேன்.

"என்ரை தம்பி இருந்த இடம் உங்களுக்குத் தெரிஞ்சிருந்தால் எங்கடை அம்மாவுக்குச் சொல்லியிருப்பியளோ?"

அக்கா யோசித்தார். ஆறுதலாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

"அப்ப சொல்லியிருக்க மாட்டன்," என்றார். "இப்ப எண்டால் சொல்லுவன். இப்ப சொல்லி ஒரு பிரியோசனமும் இல்லை."

அந்தப் பதிலை நான் மன்னித்தேனா என்று தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு அவரோடு கதைக்க முடிந்தது.

இரண்டு வருடம் அப்படிப் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வழக்கம்போல வெளிக்கிட்டு, பார்க்கில் ஏறி, ஜான்-டலோனில் மாறி, லவாலின் கடைசி நிலையம் வரை போவார். மேலே ஏறி வெளியே போக மாட்டார். எதிர்ப்பக்க மேடைக்குப் போய் அடுத்த மெற்றோவில் திரும்பி வருவார். ஒரு நாள் எனக்கும் அங்கே ஒரு வேலை இருந்ததால் தற்செயலாகக் கண்டேன். கையில் பலகாரப் பெட்டி. "ஏனக்கா இப்பிடி?" என்றேன். "வீட்டிலை இருக்க ஏலாமல் கிடக்கு பிள்ளை," என்றார். பெட்டியைத் திறந்து எனக்கு இரண்டு பயத்தம் பணியாரம் தந்தார். மற்றவர்களின் சண்டைகளுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். பஸ்ஸில் யாராவது கத்தினால் தலை திரும்பும். ஆனால் அவர் போகமாட்டார்.

மூன்றாவது குளிர்காலம், வேலைக்கு வரும் வழியில் வழுக்கி விழுந்து அக்காவுக்கு மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள். சமைக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிய நான் சோறும் மீன்குழம்பும் எடுத்துக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போனேன். சூடாக்கிக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது. கதவைத் திறந்தேன். வாசலில் லவால் அண்ணன். மூன்று மாடி ஏறி வந்த இளைப்பு.

"தம்பி கார் நிப்பாட்ட இடம் தேடுறான்," என்றார் என்னிடம்.

உள்ளே வந்து சமையலறைக் கதிரையில் உட்கார்ந்தார். கோட்டைக் கழற்றவில்லை. அக்கா அடுப்புப் பக்கம் சுவரோடு நின்றார். அண்ணன் மாவுக்கட்டைப் பார்த்தார்.

"நோகுதோ?"

"இப்ப இல்லை."

நான் அகப்பையை வைத்துவிட்டு வெளியே போகப் பார்த்தேன். அக்கா கண்ணால் நில்லும் என்றார்.

"ஒண்டு கேக்க வேணும்," என்றார் அண்ணன். "அம்மா கடைசியா என்னைப் பற்றி ஏதும் கேட்டவவோ?"

"உங்கடை சைக்கிளுக்குக் காத்தடிச்சு வைக்கச் சொன்னவ," என்றார் அக்கா. "வந்த உடனை தேடுவான், காத்தில்லாட்டிக் கத்துவான் எண்டு. ஒவ்வொரு நாளும் அதைத்தான் கேப்பா. அடிச்சிட்டியோ, அடிச்சிட்டியோ எண்டு. நீங்கள் வருவியள் எண்டுதான் இருந்தவ. செத்துப்போனியள் எண்டு ஒருநாளும் சொல்லேல்லை."

அண்ணன் தன் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரைந்த பனி தரையில் வழிந்துகொண்டிருந்தது.

"அடிச்சனீயோ?"

"ஒவ்வொரு நாளும் அடிச்சனான். பின்சில்லிலை காத்து நிக்கிறேல்லை. விடியப் பாத்தால் இறங்கியிருக்கும். திரும்ப அடிப்பன்."

"அம்மா போன பிறகு?"

"பேந்தும் அடிச்சனான். நீங்கள் வரும் வரைக்கும்."

"நான் வந்து எடுக்கேக்கை காத்து இருந்தது," என்றார் அண்ணன் மெதுவாக. "நினைவிருக்கு. ஆர் அடிச்சது எண்டு யோசிச்சனான்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "ரியூப்பிலை ஓட்டையில்லை. வால்கட்டைதான் பழுது. காத்தை மறிக்கிற அந்தச் சின்னச் சாமான். அதை மாத்தியிருந்தால் நீ ஒவ்வொரு நாளும் அடிச்சிருக்கத் தேவையில்லை."

"எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்."

"ஆரையேன் கேட்டிருக்கலாமே."

"கேட்டிருக்கலாம்," என்றார் அக்கா. "கேக்கேல்லை."

"மாத்திறது லேசு. கழட்டி, எச்சில் போட்டுப் பாத்தால் தெரியும், குமிழி வருதோ எண்டு."

"எச்சிலோ?"

"ஓம். விரலிலை தொட்டு வைக்கிறது. இந்தப் பக்கம்." அவர் நல்ல கையை மேசையில் வைத்து, சில்லு இருக்கும் இடத்தைக் காட்டினார். அக்கா பார்க்கக் கிட்ட வந்தார்.

நான் கேத்தலை அடுப்பில் வைத்தேன். கார் நிறுத்த இடம் கிடைத்து, மூன்று மாடியும் ஏறி, தம்பி வந்து சேர இருபது நிமிடமாகிவிட்டது. அவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோதும் அவர்கள் இருவரும் வால்கட்டையைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார்கள்.